மதிலுக்கு வெளியே ஒரு தபேலா

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஜாம் போத்தலில் தேநீர் தந்தார்கள். கைபிடி வைத்த கண்ணாடிப் போத்தல், கழுத்தில் சணல் நூலால் ஒரு முடிச்சு. ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபம், எங்கள் ஊர்ச்சங்கத்தின் ஒன்றுகூடல், வாசலில் இரண்டு பிளாஸ்டிக் வாழைமரங்கள். தட்டை நீட்டிய பெண்பிள்ளை, "அங்கிள், ரெட்ரோ தீம். ஊரில இப்பிடித்தானே குடிச்சனீங்கள்?" என்று சிரித்தாள். அவளில் ஒரு பிழையும் இல்லை, அவள் இந்த நாட்டில் பிறந்தவள். போத்தலை வாங்கினேன். சூடு விரல்களில் ஏறியது. போத்தலை ஒரு மேசையில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் என் வயதுக்காரர் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள், அவர்களுக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் போத்தலைத் தூக்கித் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் உன் படம். மாலை போட்டு, பொன்னாடையும் போர்த்தியிருந்தார்கள். படத்துக்குப் பொன்னாடை போர்த்துவது எப்படி என்று நீ கேட்பாய். சட்டத்தின் இரண்டு மூலையிலும் துணி கவ்வும் கிளிப் போட்டுத்தான். முப்பது வருடமாக நீ இந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாய். பிக்கரிங்கில் வீடு, ஒஷாவாவில் வேலை, பனியென்றும் மழையென்றும் பார்க்காமல் காரில் போய்வந்தாய். அந்த முப்பது வருடத்தில் சங்கத்திலிருந்து ஒருவரும் உன்னை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. மாசி மாதம் நீ போய்ச் சேர்ந்தாய், வைகாசியில் நீ எங்கள் ஊரின் பெருமை ஆகிவிட்டாய். செத்த பிறகு எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு விசாலமான மனது வருகிறது, பார்.

நிகழ்ச்சியின் பொருள் ஒரே ஒரு வருடம். சண்டை தொடங்குவதற்கு முந்திய வருடம். அந்த வருடத்து இசையை நினைவுகூர்வதாம். ஊரில் கடைசியாக ஒழுங்காகத் திருவிழா நடந்தது அந்த வருடம்தான், எங்கள் கோஷ்டி மேடை ஏறியதும் அதே வருடம்தான். கோஷ்டியில் நாங்கள் நான்கு பேர். கிற்றார் வாசித்தவன் சண்டைக்குள் காணாமற்போனான். பாடினவன் சுவிஸில் இருக்கிறான், தொலைபேசியை எடுப்பதில்லை. தபேலா நீ. மிஞ்சியது அக்கோடியன்காரன் நான். ஆகவே விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டார். அந்த வருடத்து இசையில் குறிப்பிடத்தக்க தருணங்கள் எவை என்று எழுதவேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் மூச்சு வேண்டும்.

முதலில் எழுதாமல் விட்டவற்றைச் சொல்கிறேன்.

அந்த வருடம் தை மாதம், பாடுகிறவனின் அண்ணன் அரபு நாட்டிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் உள்ள ஒரு ரேடியோ கசெற் கொண்டுவந்தான். ஊரில் அதற்கு முன் ஒருவரும் அப்படிப் பாட்டுக் கேட்டதில்லை. செற்றை அறைக்குள் வைக்காமல் ஜன்னலில் வைத்தோம், நீ முற்றத்தில் நின்று கேட்கவேண்டும் என்பதற்காக. அதை நாங்கள் உனக்குச் செய்த பெரிய உதவியாக நினைத்தோம். நீ முதலில் இடது ஸ்பீக்கருக்கு நேரே நின்றாய். பிறகு வலது பக்கம் போனாய். பிறகு இடமும் வலமுமாக நடக்கத் தொடங்கினாய், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாய். வெயில் உச்சியில் நின்றது. கடைசியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வலங்கை இந்தப் பக்கத்தால வருது, இடங்கை அந்தப் பக்கத்தால வருது. ஆரோ ஒருத்தனை ரெண்டாப் பிளந்து வைச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லிச் சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். அறைக்குள் நின்று சிரித்தோம்.

ஒத்திகை எங்கள் வீட்டில் நடந்தது. நாங்கள் மூன்று பேரும் விறாந்தையில், நீ படிக்குக் கீழே சாக்கு விரித்து. உன் தபேலா நிலத்தில் இருந்ததால் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று அதற்கும் நான் ஒரு நியாயம் வைத்திருந்தேன். நாலு மணிக்கு அம்மா தேநீர் கொண்டுவருவாள். எங்களுக்குப் பீங்கான் கோப்பை. உனக்கு லேபல் பாதி கிழிந்த மாம்பழ ஜாம் போத்தல். அது கிணற்றடிக் கட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். அம்மா உயரப் பிடித்து ஊற்றுவாள், போத்தலில் அவளுடைய பாத்திரம் படாது. குடித்து முடித்ததும் நீயே கழுவி, நீயே கவிழ்த்து வைப்பாய். அம்மா கெட்டவள் அல்ல என்று எழுத என் கை வருகிறது. எழுதமாட்டேன். அந்த வருடம் முழுவதும் கிழமைக்கு மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டு நான் என் கோப்பையில் குடித்தேன். ஒருநாளாவது எனக்குத் தொண்டையில் அடைக்கவில்லை என்பதுதான் இன்றைக்கு என்னைக் குமட்ட வைக்கிறது.

உன் ஐயா செத்தவீடுகளில் பறை அடிப்பவர். ஊரில் எந்தப் பெரிய மனிதன் செத்தாலும் அவர் வந்து முன்னால் அடித்துக்கொண்டு நடக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரேதம் வாசலைத் தாண்டாது. சாவுக்கு உங்கள் வீட்டுக் கை வேண்டும், திருவிழாவுக்கு வேண்டாம். இதைச் சாதி என்று நாங்கள் வாய் திறந்து சொல்வதில்லை. 'ஊர் வழமை' என்போம். நீ எங்கள் வீட்டு வாசலுக்குள் என்னை 'நீங்கள்' என்பாய், ரயில் பாதையில் நடக்கும்போது 'நீ' என்பாய், 'மச்சான்' என்பாய். இரண்டுக்கும் நான் ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகியிருந்தேன்.

ஆவணி மாதம் திருவிழா. எட்டாம் திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். பின்னேரம் எங்கள் கோஷ்டியைப் பாடவைக்க அப்பா ஒப்புக்கொண்டார். வேறு கோயில்கள் எத்தனையோ அப்போது உங்கள் ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தன, எங்கள் கோயில் திறக்கவில்லை. மேடை மதிலுக்கு உள்ளே. அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார். நீ உள்ளே வரமுடியாது, நீ இல்லாமல் நாங்கள் பாடலாம்.

தபேலா இல்லாமல் எப்படிப் பாடுவது? இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். பிறகு கண்டுபிடித்தேன். ஒலிபெருக்கிக்காரரிடம் இருநூறு அடி வயர் இருந்தது. மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நீ இருக்கலாம், உனக்கு முன்னால் ஒரு மைக், வயரை மதிலுக்கு மேலால் எடுத்து உள்ளே கொண்டுவரலாம். உன் தபேலாவின் சத்தம் கோயிலுக்குள் வரும், நீ வரமாட்டாய். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சத்தத்துக்கு என்ன, வரட்டும்" என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறை. சைக்கிளை எடுத்துக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தேன்.

நீ சைக்கிள் கடையில் ஒரு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். நான் என் கெட்டித்தனத்தை மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். நீ நிமிரவில்லை. ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "பின்னேரம் அந்த மரத்தடிக்கு வெயில் வருமோ? தோல் இறுகிப்போகும்." வராது என்றேன். சரி என்றாய். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சீழ்க்கை அடித்தபடி வீட்டுக்குப் போனேன். இந்த வரியை எழுதும்போது என்னைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருக்கிறது.

ஹோர்ன் ஸ்பீக்கர் உன் பக்கம் பார்த்தால் மைக் கூவும் என்பதால் அதை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டினார்கள். ஆகவே உனக்கு நாங்களும் தெரியவில்லை, எங்கள் பாட்டும் சரியாகக் கேட்கவில்லை. மதிலைத் தாண்டி வந்த மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் நீ வாசித்தாய். இரண்டாவது பாட்டில் பாடுகிறவன் பயத்தில் வேகம் எடுத்து ஓடிவிட்டான். நானும் அவனுக்குப் பின்னால் ஓடினேன். மேடையில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் தாளம் போய்விட்டது. மதிலுக்கு வெளியே இருந்து உன் இடங்கை ஒரு அடி அழுத்தமாக விழுந்தது. அடுத்தது. அடுத்தது. அடுத்தது. நீ ஓடவில்லை, எங்களைத் துரத்தவுமில்லை, நின்ற இடத்தில் நின்றாய். நாங்கள் திரும்பி வந்து உன் கையில் ஏறிக்கொண்டோம். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப் பெரிய இசை அதுதான். அந்த வருடத்தில் குறிப்பிடத்தக்க தருணம் ஒன்று உண்டென்றால் அது அந்த நாலு அடி.

முன்வரிசையில் இருந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர், தபேலா அருமையாக இருக்கிறது, ஆள் யார் என்று அப்பாவிடம் கேட்டார். மேடையில் இருந்த எனக்கே அப்பாவின் பதில் கேட்டது. "அது ஆளில்லை, கசெற்றில போடினம்." பெரியவர் தலையாட்டினார். நான் அக்கோடியனை விரித்து அடுத்த பாட்டைத் தொடங்கினேன்.

முடிந்ததும் வயரை எடுக்க வெளியே வந்தேன். நீ அதை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மதில்மேல் வைத்திருந்தாய். தபேலாவைத் துணியில் கட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றாய். நான் உன்னைப் புகழத் தொடங்கினேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"வயரை வடிவாச் சுத்தி வைச்சிருக்கிறன் மச்சான். வாற வருசமும் உங்களுக்குத் தேவைப்படும்."

வந்த வருடம் திருவிழாவுக்கு முன்னமே நாடு எரிந்தது. கோஷ்டி நாலு திசையில் சிதறியது. நீயும் நானும் எப்படி எப்படியோ இந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்தோம். இங்கே சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு கோப்பிக் கடையில் சந்திப்போம். வேலை, முழங்கால் வலி, பிள்ளைகள், கிரிக்கெட் எல்லாம் கதைப்போம். அந்தப் பின்னேரத்தை மட்டும் இரண்டு பேரும் தொடுவதில்லை. ஊரில் ஷெல் விழுந்து கோயில் மதில் இடிந்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று நான் உன் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ கப்பை மேசையில் வைத்தாய். "திரும்பக் கட்டுவினம். பயப்பிடாதை" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். சண்டை முடிந்ததும் இங்கிருந்து போன காசில் முதலில் எழும்பியது அந்த மதில்தான், முந்தியதைவிட இரண்டு அடி உயரம் கூட.

வோபர்னில் என் அப்பார்ட்மென்டுக்கு நீ இரண்டு முறை வந்திருக்கிறாய். இரண்டு முறையும் கடையில் வாங்கிய கோப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். தேநீர் ஊற்றட்டுமா என்று என் மனைவி கேட்டபோது அந்தக் கடதாசிக் கப்பைத் தூக்கிக் காட்டினாய். உனக்கு கோப்பிதான் பிடிக்கும் என்று அவள் நினைத்தாள். நான் அப்படி நினைப்பதாகக் காட்டிக்கொண்டேன்.

இனி மலருக்கு நான் எழுதியது. செயலாளர் என்னைவிட இருபது வயது இளையவர், இந்த நாட்டில் படித்தவர், நல்ல உத்தியோகம். தொலைபேசியில், "அண்ணை, நல்ல விசயங்களை மட்டும் எழுதுங்கோ, பழைய குப்பையைக் கிளறவேண்டாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உவர் தபேலாக்காரர்... ஆர் ஆக்கள்?" என்று கேட்டார். வெளியில் பாதி உருகிய பனி, மேசையில் கணினி, உலகத்தின் மறுகோடி, கேள்வி மட்டும் அதே சாதிக் கேள்வி. எனக்கு வந்த அருவருப்பில் தொலைபேசியை எறிந்திருக்கவேண்டும். நான், "எங்கட கோஷ்டி ஆள்" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்று இரண்டு நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் நழுவல்தான். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, எனக்கும் வாய் நோகவில்லை.

பிறகு இருந்து எழுதினேன். என் கையெழுத்தில், என் மேசையில், ஒருவரும் வற்புறுத்தாமல் எழுதினேன். "மேடையில் இடம் போதாமையால், இருநூறு அடி வயர் இழுத்து, தபேலாவை வெளியிலிருந்து ஒலிக்கச் செய்தோம். அக்காலத்தில் அது ஒரு புதுமை." இதைத்தான் எழுதினேன். அப்பா உன்னைக் கசெற் ஆக்கினார், நான் உன்னைப் புதுமை ஆக்கினேன்.

சனிக்கிழமை அறிவிப்பாளன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஆடினான். அந்தக் காலத்திலேயே லைவ் ரிமோட் செய்து காட்டியவர்கள் எங்கள் ஊரவர்கள் என்று கத்தினான். மண்டபம் கை தட்டியது. அப்பாவின் வயதில் அன்று முன்வரிசையில் இருந்தவர்கள் யாரும் இன்றைக்கு இல்லை. ஆனால் அந்தக் கைதட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு உன் நினைவாக இரண்டு பாட்டு. தபேலா கணினியிலிருந்து வந்தது, மேடையில் ஒரு தோல் வாத்தியமும் இல்லை. இந்த முறை உண்மையாகவே ஆளில்லை.

உன் மகளைக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். சேலை கட்டி வந்திருந்தாள், நடை உன்னுடையது. பின்னால் திரையில் அந்தத் திருவிழாப் படத்தைப் போட்டார்கள். மேடையில் பாடுகிறவன், கிற்றார், நான். எங்களுக்குப் பக்கத்தில் பத்துப் பேர் சம்மணம் போட்டு இருக்கக்கூடிய வெறும் இடம். அவள் கேடயத்தோடு நின்று அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

சாப்பாட்டு வரிசையில் என்னைத் தேடி வந்தாள். "அங்கிள், ஒரு க்வெஸ்ச்சன். ஸ்டேஜில இடமில்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். பட் படத்தில நிறைய இடம் இருக்கே. அப்பா ஏன் வெளியில இருந்தவர்?"

நான் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள். "அப்பாட்ட எத்தினையோ தரம் கேட்டிருக்கிறன். ஒருநாளும் சொல்லேல்லை. அது அங்கிளின்ர கதை, அவன்தான் சொல்லவேணும் எண்டு சொல்லுவார்."

இத்தனை வருடம் நீ அதை அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தாய். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தாயோ, நானே ஒருநாள் சொல்வேன் என்று நம்பினாயோ, எனக்குத் தெரியாது. கோப்பிக் கடையில் நீ எனக்கு எதிரே இருந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அதற்காகக் காத்திருந்தாயா என்பதும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன். உன் கண்தான், ஆனால் அதில் உன் பொறுமை இல்லை. நல்லது, இல்லாமல் இருக்கட்டும்.

நான் சொன்ன பதில் இது. "படத்தில அப்பிடித்தான் பெருசாத் தெரியும், பிள்ளை."

"ஓகே அங்கிள்" என்று சொல்லிவிட்டு, கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். நம்பவில்லை. நம்பாமலே விட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். உன்னிடம் படித்ததாக இருக்கவேண்டும்.

சங்கத்தைத் திட்டலாம், செயலாளரைத் திட்டலாம், அப்பாவைத் திட்டலாம். மூன்று நாளாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கண்ணாடியில் பல் துலக்கும்போது தெரிகிற முகம்தான் எனக்கு மிகவும் குமட்டுகிறது. அந்தப் பின்னேரம் எனக்கு இருபத்திரண்டு வயது, ஏதோ வயசு, வளர்ப்பு என்று சாக்குச் சொல்லலாம். சனிக்கிழமை எனக்கு அறுபத்தாறு. அப்பா செத்து எத்தனையோ வருடம், தடுக்க ஒருவருமில்லை. உன் மகளும் நானும் நடுவில் சோற்றுத் தட்டும் மட்டும்தான். அங்கேயும் ஒரு மதிலைக் கட்டினேன்.

நீ சுற்றி வைத்த வயர் இத்தனை வருடமும் என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. தேவைப்படும் என்றாய், தேவைப்பட்டது. ஒவ்வொரு முறையும் எடுத்து விரித்திருக்கிறேன்.

நேற்று அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். சனிக்கிழமை கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன், நேரில் வந்து சரியான பதிலைச் சொல்லவேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு வாருங்கள், இடியப்பம் அவிக்கிறேன், தேத்தண்ணி போடுகிறேன் என்றாள். இந்த மடலையும் கொண்டு போகிறேன். என் வாய் மறுபடியும் நழுவப் பார்த்தால் இதை வாசித்துக் காட்டுவேன். ஜாம் போத்தல், சாக்கு, வேப்பமரம், கசெற் எல்லாவற்றையும் சொல்வேன். அந்த நாலு அடியையும் மேசையில் தட்டிக் காட்டுவேன், அது அவளுக்குச் சேரவேண்டியது.

கேட்டு முடிந்த பிறகு அவள் எனக்குத் தேநீர் தருவாளோ தெரியாது. தந்தால், எதில் தந்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக் குடிப்பேன். குடித்துவிட்டு நானே எழும்பிப் போய்க் கழுவி, கவிழ்த்து வைப்பேன்.